பார்க்காததைப் பார்த்தேன் என்றேன்

குளிரான மலையூர் பிரிஞ்சாங்கில் சாலையோரத்தில் ஸ்ட்ராபெரி விற்கிறேன். குடியிருப்பது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில். போன மாதம் எங்கள் லைனின் கடைசி வீட்டில் போலீஸ் போதைப்பொருளும் ஒரு துப்பாக்கியும் பிடித்தது. அன்றிலிருந்து எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. பாதிப் பேர் போலீஸைப் பாராட்டினார்கள். மீதிப் பேர், "அவங்களே கொண்டாந்து வச்சதுலா" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒருத்தன் அந்த வீட்டுக்குள்ள பை கொண்டுபோனத நானே கண்ணால பார்த்தேன்" என்று எழுதினேன். உண்மையில் நான் எதையும் பார்க்கவில்லை. வாதத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். சண்டை அதோடு நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன் கடைக்கு வந்து ஒரு பாக்கெட் பழத்தை எடுத்தான்.

"அக்கா, பை கொண்டுபோனவன நீங்க பார்த்தீங்களாமே?"

"இல்ல தம்பி, சத்தியமா பார்க்கல. சும்மா எழுதிட்டேன்."

அவன் சிரித்தான். "அதான் நல்லது. யார் கேட்டாலும் இப்படியே சொல்லுங்க." பழத்தை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனான்.

அன்றே கணவரோடு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். குழுவிலும் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். "பாவம், மிரட்டிட்டாங்க போல" என்று பதில் வந்தது. என் பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை.

இப்போது கண்ணால் பார்க்காத எதையும் எழுதுவதில்லை. பார்த்தாலும் ஸ்டேஷனில்தான் சொல்வேன். ஆனால் கடைக்கு யாராவது கறுப்பு ஜாக்கெட்டில் வந்தால் கை நின்றுவிடுகிறது. இந்தக் குளிரில் ஜாக்கெட் போடாதவர் யார்?