மேனேஜர் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்

தொம்மலூர் ஆபீசில் நான் ரிசப்ஷனிஸ்ட். இன்று காலையிலிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை.

“ஸ்கூலைப் பாதியில விட்டவளை உக்கார வெச்சா இப்படித்தான். எந்த செட்டிங்கை மாத்தின? நாளைலேர்ந்து வராதே!” மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. இன்று வந்தது.

“ஃபோன் சர்வரோட லாகைப் பாருங்க சார். யார் மாத்தினாலும் அதுல பேர் இருக்கும்.”

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சு அண்ணா திறந்து பார்த்தார்.

“சார், நேத்து சாயங்காலம் உங்க லாகின்லதான் மாத்தியிருக்கு. உங்க ஃபோனுக்குப் பதிலா மெயின் லைனையே உங்க வீட்டுக்குத் திருப்பிட்டீங்க.”

“சரி சரி, வேலையைப் பாரும்மா.”

“எல்லார் முன்னாடியும் திட்டினீங்க. அதே மாதிரி சாரியும் சொல்லுங்க.”

அவர் சாரி சொல்லாமல் தன் ரூமுக்குப் போய்விட்டார். லாகைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வந்தேன்.

நாளை வேலை இருக்குமா, தெரியாது. போய் என் நாற்காலியில் உட்காரத்தான் போகிறேன். நீங்களாக இருந்தால் ஒட்டியிருப்பீர்களா?