மூலையில் நிற்கிற கார் விற்பனைக்கு இல்லை

இன்ஜின், சக்கரம், கண்ணாடி எதுவும் இல்லாத காரை, எல்லாம் இருக்கிற பழைய காரைவிட அதிக விலைக்கு விற்பது எங்கள் தொழில்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரிய பந்தய வீரர்கள் இல்லை. வாரம் முழுக்க ஆபீஸ் போய், பல் பிடுங்கி, மருந்துக்கடை நடத்தி, சனி ஞாயிறு மட்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்காகப் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றுவோம். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சுரண்டி, தகடுகள் சேரும் இடமெல்லாம் மறுபடி வெல்டிங் வைப்போம். கவிழ்ந்தாலும் நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுப்போம். இதற்கு ஷெல் என்று பெயர். இன்ஜின் அவரவர் பாடு. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் பழைய ரைஸ்மில் கொட்டகை ஒன்றில் நானும் டேவிட்டும் இதைச் செய்கிறோம். வெல்டிங் அவன் கை. மற்றதெல்லாம் நான். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பழையது சாப்பிடுகிறவர்களுக்கு மீதியைச் சொல்லாமலே புரிந்துவிடும்.

கொட்டகை மூலையில் எப்போதும் ஒரு ஷெல் நிற்கும். அது எனக்கு. ஒரே ஒரு பந்தயம், கடைசி ஆளாக வந்தாலும் சரி, நான் ஓட்ட வேண்டும். ஆசை பழையது. ஷெல்தான் மாறிக்கொண்டே இருக்கும்.

வாளி மேல் டாக்டர்

கூண்டு கட்டும் முன் ஆளை அளக்க வேண்டும். அதற்கு டேப் போதாது. காலிப் பெயிண்ட் வாளி ஒன்றைக் காரின் வெற்றுத் தரையில் கவிழ்த்து, வாங்குகிறவரை ஹெல்மெட்டோடு அதில் உட்கார வைப்போம். அவர் தலைக்கும் கூரைக்கும் நடுவில் டேவிட் முஷ்டியை நுழைத்துப் பார்ப்பான். நுழைந்தால்தான் மேல் வேலை.

காஞ்சிபுரத்துப் பல் டாக்டர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். டாக்டர் வாளிமேல் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மா காரைச் சுற்றி வந்து, பின் சீட் எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். போட மாட்டோம், பக்கத்து சீட்டும் கிடையாது என்றேன். அவர் கணவர் பக்கம் திரும்பினார். "வீட்டை விட்டுத் தனியா போகணும்னா பஸ்லயே போகலாமே, இவ்வளவு இரும்பு எதுக்கு?"

எலுமிச்சம்பழம்

டெலிவரி என்றால் பூஜை. ஒருவர் பூ, தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்து முறையாகச் செய்தார். பழம் வைக்கக் குனிந்தபோதுதான் சக்கரம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஷெல் மரக்கட்டைகள்மேல் நின்றது. பழம் நசுக்காமல் எடுத்துப் போக அவருக்கு மனம் வரவில்லை. ஷெல்லை டிரெய்லரில் ஏற்றிப்போக வந்திருந்த திருப்புலிவனத்து டிராக்டர்காரர், பழங்களை அவர் கையிலிருந்து வாங்கித் தன் சக்கரங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "ஓடற வண்டிக்கு வையி சார். உன்து பொட்டி, சும்மா ஏறிக்கினு வரும்."

வேலிக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஷெல் ஓடுகிற பந்தயத்துக்கு முடிந்தவரை போய்விடுவேன். வேலி ஓரமாக நின்றால் நம்பர் தெரியாத தூரத்திலேயே எது எங்களுடையது என்று சொல்லிவிடலாம். வளைவில் திரும்பும்போது எங்கள் கார் உதறாது. டேவிட்டின் வெல்டிங் அப்படி. கார் கடந்த பிறகும் என் வலது கால் சிமெண்ட் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்.

அங்கே காவலுக்கு நிற்கிற பெரியவர் என் காலைக் கவனித்திருக்க வேண்டும். "எது உன் வண்டி?" என்று கேட்டார். சிவப்பு, மஞ்சள், பின்னால் வருகிற வெள்ளை, மூன்றும் நாங்கள் செய்தது என்று பெருமையாகச் சொன்னேன். மூன்றும் போய் முடியும்வரை அவர் பொறுமையாகப் பார்த்தார். "செஞ்சது சரி நைனா. உன்து எது?"

சொல்லி வைத்தது

மூலையில் நின்றவை போன கதை எல்லாம் ஒரே மாதிரிதான். யாராவது வருவார், டிராக்கில் சுவரில் மோதி ஷெல் போய்விட்டது என்பார், அடுத்த பந்தயத்துக்குள் வேண்டும் என்பார். எதிரில் நிற்கிறவன் முகத்தில் நம்முடைய ஆசையே எழுதியிருந்தால் என்ன செய்வது? வெள்ளை அப்படிப் போனது. அதற்கு முன் மஞ்சள். மஞ்சளை டிரெய்லரில் ஏற்றிவிட்டு நான் காலி மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது டேவிட் சொன்னான்: "எனக்குன்னு நீ சொல்லி வச்சாத்தாண்ணா சீக்கிரம் விக்குது. எல்லாத்தையும் அப்டியே சொல்லு."

துளை போடாத சீட்

வெள்ளைக்கு அடுத்து மூலைக்கு வந்த இளம்பச்சைக்கு டேவிட்டே ஒரு வழி கண்டுபிடித்தான். கார் பின்னால் கைமாறும் என்பதால், சீட்டைத் தாங்கும் பட்டையில் முன்பின் நகர்த்தத் துளைகள் போடுவது வழக்கம். இதற்குப் போடவில்லை. சீட், பெடல், ஸ்டியரிங் தாங்கி எல்லாவற்றையும் என் கைகால் நீளத்துக்கே வைத்து வெல்டிங் செய்துவிட்டோம். நான் குள்ளம். இனி எவன் வாங்குவான் என்று இரண்டு பேரும் நிம்மதியாக டீ குடித்தோம்.

கேளம்பாக்கத்து சாஃப்ட்வேர்காரர் ஒருவர் ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங் தாங்கியில் முட்டியது. இறங்குவதற்கு டேவிட் கை கொடுக்க வேண்டியிருந்தது. காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "சார், இது எந்த ஸ்கூல் பையனுக்குச் செஞ்சது?"

என் வாழ்நாளில் என் உயரத்துக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பார்ட்டியிடம் கேட்டது

செங்கல்பட்டில் டியூஷன் சென்டர் நடத்துகிற கவிதா என்கிற பெண் வந்தது அதற்குப் பிறகு. அவர் ஓட்டியது வேறு யாருக்கோ அளந்த கார். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துத்தான் பெடலை எட்டுவாராம். ஒரு வளைவில் தலையணை நழுவி, கால் பிரேக்குக்கு எட்டாமல் நேராகச் சுவர். ஷெல் போனது. இன்ஜின் பிழைத்தது. அதைச் சொல்லும்போதும் அவர் கண் மூலையில் நின்ற இளம்பச்சைமேலேயே இருந்தது. ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா என்றார்.

முஷ்டி தாராளமாக நுழைந்தது. பிரேக்கைக் கடைசிவரை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார். தலையணை இல்லாமல் கால் எட்டுகிறது என்பதை அந்தக் கால் நம்பவில்லை போலிருந்தது.

"யாருக்கு அளந்தது சார்?"

"ஒரு பார்ட்டிக்கு. ரொம்ப நாளா காத்திருக்காரு."

"இன்ஜின் வாங்கிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"அப்போ இந்த வருஷம் ஓட்ட மாட்டாரே. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். முடியாதுன்னா போயிடறேன்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காதில் வைத்தபடி வேப்பமரத்துப் பக்கம் நின்றேன். மறுமுனையில் யாரும் இல்லை. பின்னாலேயே டேவிட் வந்தான்.

"இன்னாண்ணா சொல்றாரு?"

"யோசிக்கிறாரு."

"அவுரு யோசிச்சிக்கினேதான் இருப்பாரு. வெயிலா கீது, உள்ள வா."

உள்ளே போனபோது கவிதா இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை. கால் பிரேக்கிலேயே இருந்தது. கொடுத்துவிடச் சொன்னார் என்றேன். டேவிட் கூரைப் பக்கம் பார்த்துக்கொண்டான். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நல்ல மனுஷன் சார். நான் தேங்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க. அவருக்கென்ன, நீங்க வேற ஒண்ணு செஞ்சு குடுத்துடுவீங்க இல்ல?"

மூலையில் இப்போது நீல நிறத்தில் ஒன்று நிற்கிறது. அது விற்பனைக்கு இல்லை என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், கூடவே விலையையும்.