உடையப்பன் குடித்த குளுக்கோஸ்

உடையப்பன் பஸ் ஓட்டினால் கடைசி சீட்டில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட வயிறு அலுங்காது என்று பேர். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக மணமேல்குடி போகிற வண்டி அது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். மற்ற டிரைவர்கள் கிளீனரைச் சுற்றச் சொல்வார்கள். இவர் தானே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றுவார், வண்டி உறுமிவிடும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் கோடையில் அந்தச் சுற்று அவருக்கு வசப்படாமல் போனது. மூச்சு வாங்க மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஒதுங்கப் போனார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

கண்டக்டர் பிச்சைமுத்து அவரைக் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைத்திருந்தான். மருந்துக்கடையில் விசாரித்து ஒரு டப்பா குளுக்கோஸ் பொடி வாங்கி வந்தான். பந்து விளையாடுகிறவர்களெல்லாம் இதைத்தான் குடிக்கிறார்களாம். காய்ச்ச வேண்டாம், ஆற்ற வேண்டாம், தண்ணீரில் கலக்கினால் போதும். அறந்தாங்கி ஸ்டாண்டில் ஒரு தம்ளர் கலக்கிக் கொடுத்தான். நாக்கில் பட்டதும் சில்லென்று இனித்தது. கொஞ்ச நேரம் உடம்பு தெளிந்த மாதிரிகூட இருந்தது. அதிலிருந்து டப்பா அவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது. தாகம் எடுத்தால் குளுக்கோஸ், குடித்தால் மறுபடி தாகம்.

திருக்கோகர்ணத்தில் அவர் மனைவி ராக்காயிக்குப் பொடியில் நம்பிக்கை இல்லை. இடுப்பு விட்டுப்போனவர்களை நிமிர்த்துவது உளுந்துதான் என்று தினமும் விடியலில் களி கிண்டினாள். நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி, சுற்றிக் கருப்பட்டிப் பாகை விட்டு வைப்பாள். அவர் வழித்துச் சாப்பிடுவார். மணமேல்குடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அமராவதி, அவர் இளைப்பதைப் பார்த்து இன்னும் ஒரு கை சோறு தள்ளி, கொடுவா மீன் குழம்பை மேலே ஊற்றுவாள். எலையில வைக்கிறதெல்லாம் எங்கிட்டுத்தான் போகுதோ என்று அங்கலாய்ப்பாள். பசிக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், அறந்தாங்கி தாண்டி வரும்போது ரோட்டில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. அவர் கண்ணுக்கு அது கலங்கி, ரெண்டாகத் தெரிந்தது. எந்த வண்டிக்கு ஒதுங்குவது என்று புரியாமல் பிரேக்கை மிதித்தார். பஸ் வாய்க்கால் பாலத்தை ஒட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அவர் இறங்கி மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இனி நான் ஓட்டமாட்டேன்டா பிச்சை. வண்டி நெறைய ஆளு இருக்கு" என்றார்.

மறுநாள் ராக்காயியும் பிச்சைமுத்துவும் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மூத்திரத்தை நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரை வியாதி, ரொம்ப முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். ராக்காயி பெருமையாகக் களியில் ஆரம்பித்தாள். டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். குளுக்கோஸ் என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யார் குடிக்கச் சொன்னது என்று கேட்டார்.

பிச்சைமுத்து சுவரோரம் நின்றான். உடையப்பன் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் வாங்கிக் குடிச்சேங்க" என்றார்.

தினம் ஊசி, சோறு கொஞ்சம்தான், இனிப்பு கூடவே கூடாது. வேலை போயிற்று. முதலாளி நல்லவர், ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்க உட்கார வைத்தார். ஆனால் எழுத்து மங்கலாகத் தெரிந்தது, அதுவும் நிலைக்கவில்லை. மறு வருஷம் காலில் முள் குத்தி, புண் ஆறாமல் ஒரு விரலை எடுத்தார்கள். ராக்காயி புண்ணைக் கழுவினாள், கட்டினாள். கேழ்வரகுக் களியும் கீரையும் வைத்தாள். அவர் அதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அடுப்படிக்குள் போய் நிற்பாள். ஆசையாய்ப் போட்டதெல்லாம் அவர் உடம்பில் என்ன செய்தது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அவர் தங்கை செவந்தியின் மகளுக்குச் சடங்கு வைத்தபோது ரெண்டு பேரும் போயிருந்தார்கள். பந்தியில் விவரம் தெரியாத யாரோ அவர் இலையிலும் அதிரசம் வைத்துவிட்டுப் போனார்கள். பார்வை முக்காலும் போயிருந்த அவர் விரலால் தடவி, அது என்னவென்று கண்டுபிடித்தார். எதிர்ப்பந்தியில் இருந்த ராக்காயி பாதி எழுந்துவிட்டாள்.

அவர் அதை மெதுவாகப் பிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் பழைய முகமாக இருந்தது. தடுத்தால் பாவம், விட்டாலும் பாவம். அவள் எழுந்த வாக்கில் நின்றாள். பரிமாறுகிறவன் என்ன வேணும் ஆத்தா என்று கேட்டான்.

"ஒண்ணும் வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வாரமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. பிழைத்துத் திரும்பினார். அறுபத்து மூன்றாம் வருஷம் மாசிவரை இருந்தார்.