ஹாரன் மாஸ்டர் வாயை மூடிய ஞாயிறு

என் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவன் ஹாரன் மாஸ்டர். ஒரு சமயம் அவன் காரின் ஹாரன் கெட்டுப்போய் மூன்று மாதம் அப்படியே கிடந்தது. படிக்க வந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. முன்னால் போகிற லாரியை ஒதுங்க வைக்க அவன் தொண்டையே போதும்.

நல்ல வாத்தியார்தான், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வாய்! "அது காலா, வாடகைக்கு எடுத்ததா?" என்று ஆரம்பித்தானென்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். கற்றுக்கொடுக்கிற காரில் அவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழக்கதோஷம், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து நான் காய் நறுக்குவதைப் பார்க்கும்போதுகூட அவன் கால் தரையை அழுத்தும்.

அவனுக்கு ஒரே மகள். பதினெட்டு வயதில் அவளுக்கும் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தான். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வண்டி இரண்டு தடவை அணைந்துவிட்டது. கூடப் படிக்கிற பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, "இறங்கு! நடந்து போ, உனக்கு அதுதான் லாயக்கு" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவள் நடந்துதான் வந்தாள். அப்புறம் எதிர்த் தெரு டிரைவிங் பள்ளியில் கற்றுக்கொண்டாள். இவனுக்கு அது விஷம் குடித்த மாதிரி. இன்று அவள் ஒரு ரொட்டிக்கடையின் வேன் ஓட்டுகிறாள், கட்டிக்கொடுத்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

இறக்கிவிட்ட நாளிலிருந்து எட்டு வருஷம் அவள் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, அவர் மாத்திரை போட்டாரான்னு கேளுங்க" என்பாள். "போட்டாச்சுன்னு சொல்லுக்கா" என்பான் இவன். அவன் மனைவி இறந்துபோனபிறகு அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். நடுவில் டெலிபோன் கம்பியாகவும் ஆனேன்.

நான் கல்யாணமாகிப் போன இடத்தில் இயேசுவை அறிந்தவள். தம்பிக்காக முப்பது வருஷம் முழங்கால் தேய ஜெபித்தேன். "உன் தம்பி மனந்திரும்புனது கிளட்ச்சாலதான்" என்று சபையில் கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். எங்கள் போதகரைக் கார் கற்றுக்கொள்ள அந்தக் கிளட்ச்சிடம் அனுப்பியது யார்? நான்தான். அதை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

போதகர் தங்கமான மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வேறு ஆள். லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர். ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று பள்ளியின் பெயர்ப் பலகையையே இடித்துத் தள்ளினார். மற்ற மாணவர்கள் முன்னால் தம்பி அவர் கண்ணைத் திட்டினான், காலைத் திட்டினான், கடைசியில் பெற்ற தாயையும் இழுத்தான். அவர் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இவன் போகும் முன்பே வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"கிளட்ச் விஷயத்துல நேத்து நீங்க சொன்னது சரி மாஸ்டர். எங்க அம்மா விஷயத்துல சொன்னது சரியில்ல. கிளம்பலாமா?"

தம்பி வண்டியில் ஏறினான். கொஞ்ச தூரம் போன பிறகு, "உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டானாம்.

"வராம என்ன? வீட்டுக்குப் போற வழியெல்லாம் மனசுக்குள்ள உங்க மேல வண்டிய ஏத்துனேன். முன்னால போய் ஒரு தடவை ஏத்தியாச்சு. பின்னால வந்து இன்னொரு தடவை ஏத்தலாம்னா, ரிவர்ஸ் மனசுலயும் வரல."

தம்பி சிரித்த சிரிப்பில் அவனே பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டான்.

"அப்புறம் அதை அப்படியே இயேசுகிட்ட சொல்லிட்டேன். இல்லன்னா இன்னைக்கு வந்திருக்கவே மாட்டேன்" என்றார் போதகர்.

அன்றிலிருந்து ஒரே காரில் இரண்டு வகுப்பு நடந்தது. அவருக்கு இவன் கியர் சொல்லிக்கொடுத்தான், இவனுக்கு அவர் இயேசுவைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரில் யார் மந்தம் என்பது இன்னும் தீராத வழக்கு. போதகர் கொடுத்த நற்செய்திப் புத்தகத்தை வகுப்புக்கு வகுப்பு நடுவில் காரிலேயே உட்கார்ந்து படித்தான். ஒரு மத்தியானம் அதைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் வந்தான்.

"அக்கா, கூடவே திரிஞ்ச இந்தச் சீஷனைப் பாரு. 'இயேசுவைத் தெரியவே தெரியாது'ன்னு மூணு தடவை சொல்லியிருக்கான். மூணு தடவை ஃபெயில்! அவனை அவரு இறக்கி விடலக்கா. செத்து உயிரோட எழுந்து வந்து, கடற்கரையில அவரே அடுப்பு மூட்டி, சாப்பிடக் குடுத்து, திரும்ப வேலையும் குடுத்திருக்காரு."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நான் இறக்கி விட்டுட்டேனேக்கா."

ஐம்பத்து நான்கு வயது மனிதன் குழந்தை மாதிரி அழுதான். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேயே, வெங்காயத் தோலுக்கு நடுவில், இயேசுவை வா என்று கூப்பிட்டான். கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

உள்ளே வந்த இயேசு வாயை உடனே பூட்டிவிடவில்லை. ஒரு திட்டு, ஒரு மன்னிப்பு, ஒரு திட்டு, ஒரு மன்னிப்பு என்று வகுப்பு ஓடியது. பிறகு திட்டு வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிக்கப் பழகினான். கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் ஒருத்தி, "சார், பேசாம திட்டிடுங்க. நீங்க சும்மா இருந்தா ஏதோ பெருசா இடிக்கப் போறோம்னு பயமா இருக்கு" என்று கெஞ்சினாளாம்.

ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிறு குறித்தார்கள். மகள் வந்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்குக் கவலை. என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

"நான் மாறிட்டேன், மன்னிச்சிருன்னு சொல்லுக்கா."

"மாறினதை நான் பார்க்கணும்னு சொல்லுங்க அத்தை. ஞாயித்துக்கிழமை மூணு கடைக்கு ரொட்டி போடணும். என் பக்கத்துல உக்காந்து வரட்டும். வாயத் தொறக்கக் கூடாது. 'ச்'சுன்னுகூட சத்தம் வரக் கூடாது. சர்ச் வரைக்கும் தாக்குப் பிடிச்சா நானும் உள்ள வரேன். இல்லன்னா இல்ல."

ஞாயிறு வந்தது. அவர்கள் முன்னால், நான் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் கவிழ்த்த பெட்டிமேல். அவள் வேண்டுமென்றே காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருந்தாள். அது அவனுக்குப் பரம விரோதம். கழுத்து நரம்பு புடைத்தது. கால் தரையை மிதித்தது. உதடு மட்டும் அசைந்தது.

"அத்தை, என்னமோ முணுமுணுக்குறார்."

"ஜெபம் பண்றான்டி."

"எனக்காகவா, என்கிட்டருந்து தப்பிக்கவா?"

பதில் சொல்ல அவனுக்கு அனுமதியில்லை. இரண்டு கடை முடிந்தது. மூன்றாவது கடை ஒரு சந்துக்குள். ரொட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் முன்னால் குப்பை லாரி மறித்து நிற்கிறது. ரிவர்ஸிலேயே வெளியே போக வேண்டும். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் வரிசையாக ஸ்கூட்டர்கள், நடுவில் ஒரு வளைவு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் நிறுத்தாமல், திருத்தாமல், ஒரே மூச்சில் வெளியே கொண்டுவந்தாள்.

"அடேயப்பா! என்கிட்ட கத்துக்கிட்டவங்க ஒருத்தராலயும் இப்படி முடியாது!"

வேன் நின்றது.

"வாயத் தொறந்துட்டீங்க. இறங்குங்க."

"பாராட்டினான்டி! திட்டலையே!" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"பேச்சு பேச்சுதான் அத்தை."

தம்பி வாதாடவில்லை. இறங்கினான். ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"அன்னைக்கு வண்டி அணைஞ்சதுக்கு நீ காரணம் இல்லம்மா. நான் கத்தினேன், உன் கால் நடுங்குச்சு. தப்பு என்னோடது." சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அடியே, இறங்குங்கன்னு நேரா யார்கிட்ட சொன்ன?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் கியரைப் போட்டாள். சர்ச் வரைக்கும் கால் மணி நேரம், அவன் நடக்க நடக்க வேன் அவன் முதுகுக்குப் பின்னாலேயே ஊர்ந்தது. எங்களுக்குப் பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. அவள் முந்தவுமில்லை, ஏறச் சொல்லவுமில்லை.

வேர்த்து விறுவிறுத்துத்தான் ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறங்கினான். "இயேசுவை விசுவாசிக்கிறீங்களா?" என்று போதகர் கேட்க, "விசுவாசிக்கிறேன்!" என்று அவன் போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. அந்தத் தொண்டையைத் தேவன் எதற்குக் கொடுத்தார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. வாசற்படிக்கு உள்ளே, ரொட்டிக்கடை ஏப்ரனோடு, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பும்போது முன் ஸீட்டில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தான். அவள் பாதையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரிவர்ஸ் நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நல்லா இருந்துச்சு. வளைவுல மட்டும் இந்தப் பக்கக் கண்ணாடியப் பார்க்கல."

"பார்த்தேன்."

"பார்க்கலம்மா."

"பார்த்தேன்பா!"

வீடு வரைக்கும் இதே சண்டை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பின்னால் மிச்சமிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு வந்தேன்.