மூக்கில்லாத கெண்டி

பாஞ்சாலிக்குப் படம் வரைய வராது. 1957-இல் திண்டிவனத்தில் நாங்கள் நாலாம் பாரம் சேர்ந்து, முதன்முதலாக டிராயிங் வகுப்பில் உட்கார்ந்தபோது, அவள் போட்ட வட்டம் மிதிபட்ட தகர டப்பா மாதிரி இருந்தது. அவளுடைய அப்பா பூமாலை ரயிலடிக்குப் பக்கத்து மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா அதே மில்லில் கூலிக்கு மல்லாட்டை உடைத்தாள்; வேர்க்கடலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டில் பென்சில் பிடித்த முதல் ஆள் பாஞ்சாலிதான்.

எங்கள் பள்ளியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தோம். சேர்ந்து என்றால், பையன்கள் கரும்பலகைக்கு நேர் எதிரே வரிசை வரிசையாக. பெண்கள் நாங்கள் இடப்பக்கச் சுவரை ஒட்டிப் போட்ட ஒரே நீளப் பெஞ்சில், எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி. கணக்குக்கும் சரித்திரத்துக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலிக்கும், அவ்வளவுதான். அதை ஒரு அநியாயம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

டிராயிங் மாஸ்டர் சுப்பராயலு முதல் நாளே உரக்கச் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியறதத்தான் போடணும். மனசுக்குத் தெரிஞ்சதப் போடக் கூடாது." கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளவு பார்ப்பது எப்படி என்று காட்டினார். பிறகு முன் மேசைமேல் நீண்ட மூக்குள்ள ஒரு பித்தளைக் கெண்டியை வைத்தார். அதையே கரும்பலகையில் அழகாக வரைந்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தார்.

கெண்டியை யாரும் பார்க்கவில்லை. பலகையில் இருந்ததைப் பார்த்துப் போட்டோம். அவரும் அதற்குத்தான் மார்க் போட்டார். வாராவாரம் இதே கதைதான். பாஞ்சாலி மட்டும் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பு முடியும்வரை கெண்டியையே முறைத்துக்கொண்டிருப்பாள்.

மாதங்கள் போகப் போக அவள் கோடு நிமிர்ந்தது. மில் வாசலில் அடுக்கிய மூட்டைகளையும் படுத்திருக்கும் வண்டி மாடுகளையும் சாக்பீஸ் துண்டால் தரையில் போட்டுப் பழகினாள். வட்டம் வட்டமாக வந்தது. பாத்திரத்தின் வயிறு எங்கே திரும்புகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அரைப்பரீட்சையில் அவள் வரைந்த கெண்டி கனமாக, தொட்டால் சில்லிடும்போல இருந்தது. ஆனால் அதற்கு மூக்கு இல்லை.

"இன்னாம்மா இது? மூக்கு எங்க?" என்றார் மாஸ்டர்.

"இங்கேர்ந்து தெரியலீங்க சார். அது அந்தாண்ட ஜன்னல் பக்கம் இருக்குது."

முன்வரிசையிலிருந்து வெங்கடாசலம் கத்தினான்: "சார், பாஞ்சாலி கெண்டிக்கு மூக்க அறுத்துட்டா சார்!"

வகுப்பே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளின் நடுவில், கெண்டியின் வயிற்றின் மேலேயே, பெரிய முட்டை போட்டார். சிவப்பு மையில்.

அந்த முட்டை சும்மா முட்டையில்லை. அரசாங்க டிராயிங் பரீட்சையான லோயர் கிரேடுக்கு யார் பேரை அனுப்புவது என்று அவர்தான் முடிவு செய்வார். அதைப் பாஸ் செய்து, ஹையர் கிரேடும் முடித்தால் டிராயிங் டீச்சராகலாம். பூமாலை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அந்தப் பரீட்சைய பாஸ் பண்ணிக்கினு வா, மேல படி. இல்லாங்காட்டி அம்மாகூட மல்லாட்ட உடைக்கப் போ. சும்மா பள்ளிக்கூடம் போய்க்கினு வர்றதெல்லாம் நமக்குக் கட்டாது."

அடுத்த வகுப்பில் மாஸ்டர் வருமுன் பாஞ்சாலி எழுந்துபோய்க் கெண்டியைத் திருப்பினாள். மூக்கு இப்போது கரும்பலகையைப் பார்த்தது. பையன்கள் பக்கமிருந்து அது தெரியவே தெரியாது. ஒருவனும் கவனிக்கவில்லை. பலகையைப் பார்த்து அத்தனை பேரும் மூக்கு போட்டார்கள். மாஸ்டர் வெங்கடாசலத்தின் தாளைத் தூக்கிக்காட்டி, "சபாஷ்!" என்றார்.

"சார்," என்றாள் பாஞ்சாலி. "அவன் எடத்துல உக்காந்து பாருங்க சார், மூக்கு தெரியுதான்னு."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவர் முகம் கறுத்தது. கெண்டியைப் பழையபடி திருப்பி வைத்தார்.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தாங்க."

"மாடலத் தொட்டதுக்கு ஒனக்கு முட்டை. பரீட்சைக்கு ஒன் பேரு போவாது. ஒன்னோட பெரிய பேஜாரா போச்சு."

வெங்கடாசலத்தின் மார்க்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. பாஞ்சாலி அன்று அழவில்லை. பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் அவள் பெஞ்சுக்கு வரவில்லை. படம் போடும் அட்டையை எடுத்துக்கொண்டு நேரே போய், பையன்களின் முன்வரிசைக்கும் மேசைக்கும் நடுவில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், இன்னா இது? பொம்பளப் புள்ள பசங்க நடுவுல உக்காருவியா? எழுந்திரு, ஜல்தி!"

"சார், பெஞ்சுல உக்காந்தா மூக்கு வராதுங்க. மூக்கு வேணும்னா நான் இங்கதான் உக்காரணும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லிடுங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் சொன்னாள்.

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். தலைமையாசிரியர் அந்த வழியாக வரும் நேரம். ஒரு பெண் பையன்கள் காலடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கேள்வி அவளுக்கு வராது, அவருக்குத்தான் வரும்.

"பெஞ்சுக்குப் போ," என்றார். பிறகு, வாய்க்குள்ளேயே, "தெரியறதப் போடு."

அன்று அவள் மூக்கில்லாத கெண்டிக்குப் பாஸ் மார்க் போட்டார். அதற்கு மேல் ஒன்றும் போடவில்லை. பேரையும் அனுப்பினார். அவள் வரைந்தது சரி என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு பெண்ணை இடம் மாற்றி உட்காரவைப்பதைவிட, பலகையில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரிவது என்று ஒரு வருஷம் சொல்லிவந்த பொய்யைக் கைவிடுவது அவருக்கு எளிதாக இருந்தது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பாஞ்சாலி மன்னிக்க முயன்றதேயில்லை.

பரீட்சை விழுப்புரத்தில் நடந்தது. பஸ்ஸில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு மாஸ்டரும் வந்தார். "பாத்துப் போடும்மா," என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் பரீட்சைக்குப் போகவில்லை; உள்ளே நடந்ததை மறுநாள் அவள்தான் என்னிடம் சொன்னாள். மாடலைச் சுற்றி அரைவட்டமாக ஸ்டூல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். அவளுக்கு ஒருபக்கம் திருவெண்ணெய்நல்லூர்ப் பையன், மறுபக்கம் யாரோ இன்னொருவன். மேற்பார்வையாளர் யார் எங்கே என்று பார்க்கக்கூட இல்லை.

"நம்பரப் பாத்து உக்காருங்கன்னாரு. அவ்ளோதான்டி," என்றாள். "அவ்ளோ சுளுவு! எனக்கு வந்த கோவத்துல மொதக் கோடு போடறப்பவே பென்சில் மொன ஒடிஞ்சி போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? சீவிக்கினு போட்டேன்."

பாஸ் செய்தாள். ஐந்தாம் பாரத்துக்குப் பூமாலையே கூட வந்து சேர்த்துவிட்டுப் போனார்.