பிடித்து விட்ட மீனும் தேரூர்க் குளக்கரைக் கேள்விகளும்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரூர்க் குளத்தில் தூண்டில் போட்டு ஒன்பது மீன் பிடித்தேன். ஒன்பதையும் திரும்பத் தண்ணீரில் விட்டேன். மீனால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கரையில் கூடி நின்றவர்களுக்குப் பதில் சொல்லித்தான் நாக்கு வறண்டது. இப்படி ஒரு நாள் போய்வர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்குத் தக்கலையில் கருப்பட்டி மொத்தக் கடை. தலைச்சுமட்டில் தொடங்கிய வியாபாரம். மூத்த மகன் செல்வராஜ் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. முதலில் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர் கண்டியில் கண்டேன் என்றார், இன்னொருவர் காணவே இல்லை என்றார். என் வீட்டுக்காரி முத்தாரம்மன் கோவிலுக்குப் போனாள். மகன் வந்து இலையில் உட்காருகிறவரை இந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறாது, யாரும் வாயில் வைக்கவும் மாட்டோம் என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். நம் பக்கத்தில் மீன் இல்லாமல் சோறு எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டில் தேங்காயும் மல்லியும் அரைக்கும் சத்தம் கேட்டால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

செல்வராஜும் நானும் ஞாயிறுதோறும் தூண்டில் போடுகிறவர்கள். நேர்ச்சையை வியாபாரி புத்தியோடு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சமைக்கக்கூடாது, தின்னக்கூடாது. பிடித்து விடுவதைப் பற்றி அவள் அம்மனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நூலை மீன் இழுக்கும்போது கையில் ஒரு பாரம் தெரியுமே, எனக்கு அது போதும். ஆனால் உள்ளூர்க் குளத்தில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் “மகன் கடுதாசி போட்டானா?” என்பார்கள். அதனால்தான் பதினாலு மைல் தள்ளிப் போனேன். கருப்பட்டி வரத்துத் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

தக்கலையில் காலை ஆறேகால் பஸ். நாகர்கோவிலுக்குப் பத்து மைல், ஐந்தணா. தூண்டில் கம்பு செல்வராஜ் வெட்டி, எண்ணெய் பூசிக் காயவைத்தது, என்னைவிட உயரம். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணாச்சி, இவருக்கும் ஒரு டிக்கெட் போடட்டா?”

“அவரு இருக்க மாட்டாரு, நின்னுக்கிட்டே வருவாரு.”

“நிக்கவங்களுக்கும் டிக்கெட் உண்டும்லா.” சிரித்துக்கொண்டே போய்விட்டார், காசு கேட்கவில்லை.

நாகர்கோவிலில் இட்லி தின்றுவிட்டுக் கன்னியாகுமரி பஸ் ஏறிச் சுசீந்திரத்தில் இறங்கினேன். இரண்டணா. அங்கிருந்து வயல் வழியாக ஒன்றேகால் மைல் நடை. எட்டரை மணிக்குக் குளக்கரை. தண்ணீர் நிறைந்து கிடந்தது, நடுவில் தாமரை, அக்கரையில் நாரைக் கூட்டம். கரைக் கடையில் சாயா குடித்துவிட்டு, தூண்டில் போடலாமா என்று கேட்டேன். “ஒத்தத் தூண்டிலுக்கு ஆரு கேக்கப் போறா?” என்றார் கடைக்காரர். அந்தச் சொல்லை நம்பியதுதான் நான் செய்த பிசகு.

மீன் பிழைக்க வேண்டுமானால் தூண்டில் முள்ளில் உள்ள எதிர்முள்ளை அரத்தால் ராவிவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். இரண்டையும் செய்தேன். முதல் கெண்டையை விட்டபோது பார்த்தது புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் மட்டும். மூன்றாவதை விட்டபோது பதினைந்து பேர் நின்றார்கள்.

“அண்ணாச்சி, கை வழுக்கிட்டா?”

“இல்ல, விட்டேன்.”

“எதுக்கு?”

“சின்னது.”

அடுத்தது முழங்கை நீள வரால். அதையும் விட்டேன். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது, பந்தயத்தில் தோற்றவர்களைப் போல.

“இதும் சின்னதா வே? உம்ம ஊருல மீனெல்லாம் பனை உயரமோ?”

“மோதிரத்தை மீன் முழுங்கியிருக்கும். அதைத் தேடுதாரு.”

“போலே. இவரு திருவனந்தபுரத்து ஆளு. மாகாண எல்லையைப் பிரிக்கதுக்கு முன்ன நம்ம பக்கத்து மீனை எண்ணிட்டுப் போக வந்திருக்காரு.”

நானும் சிரித்துவிட்டேன். புல்லுக்கட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “விடுத மீனை எனக்குத் தந்தா முருங்கைக்காய் போட்டு ஒரு கறி வைப்பேம்லா. பிள்ளையளு திங்கும்,” என்றாள். நியாயமான கேள்வி. தரவும் மனம் வந்தது. ஆனால் என் கை பிடித்த மீன் யார் அடுப்பில் ஏறினாலும் வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ல முடியாது என்று பட்டது. “மன்னிக்கணும் அம்மா, இது குளத்துச் சொத்து,” என்றேன். எல்லோருக்கும் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். வேடிக்கை பார்க்கச் சொன்னேன், வெற்றிலை நீட்டினேன், புழுக் கோக்கும் விதம் காட்டினேன். ஒருவருக்கும் திருப்தி இல்லை.

ஒன்பதாவது மீனை விட்டு நிமிர்ந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார், பெயர் சிவதாணு. குளத்து மீனை வருடா வருடம் ஏலம் விடுவார்கள். எடுத்தவரைப் பாட்டக்காரர் என்பார்கள். இவர் இந்த வருடப் பாட்டக்காரர்.

“எந்த ஊரு ஓய்?”

“தக்கலை.”

“என்ன யாவாரம்?”

“கருப்பட்டி.”

“கருப்பட்டி யாவாரி பஸ் ஏறி வந்து என் குளத்து மீனை எடுத்து, கையில வச்சு எடை பாத்து, வகை பாத்து, திரும்ப விடுதாரு. மாசியில ஏலம். நான் என்ன மண்ணா திங்கேன்?”

கூட்டத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏலத்துக்கு வேவு பார்க்க வந்தவன் என்றால் எல்லாம் பொருந்துகிறதே! “அப்பமே நெனச்சேன்,” என்றார் எல்லையைப் பற்றிப் பேசியவர். எனக்குக் கோபம் வரவில்லை. சிவதாணுவின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

“கம்பை இங்க தாரும். ஏலம் முடிஞ்சு வந்து வாங்கிக்கிடும்.”

சொல்லிக்கொண்டே கம்பைப் பிடித்துவிட்டார். ஒரு நுனி அவர் கையில், ஒரு நுனி என் கையில். அபராதம் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அந்தக் கம்பை விட முடியவில்லை.

“இது என் மகன் வெட்டின கம்பு,” என்றேன். பிறகு, பதினாலு மைல் தள்ளி வந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அத்தனை பேர் முன்னால் சொன்னேன். கொழும்பு, கடிதம், நேர்ச்சை எல்லாம்.

“நான் கேட்டிருக்கப்பிடாது அண்ணாச்சி,” என்றாள் புல்லுக்கட்டுப் பெண். சிவதாணு கம்பின் பிடியில் சுற்றியிருந்த நூலைத் தடவிப் பார்த்தார்.

“பயலுக்கு எந்த மீனு இஷ்டம்?”

“வரால்.”

“வராலா. சரி, இரும். பேசுவோம்.”

இருவரும் சாயாக்கடைக்குப் போனோம். மதியம் வரை பேரம் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். போகவர, சாப்பாடு உட்பட ஒன்றேகால் ரூபாய்க்குள் முடியும். குடையும் குடிதண்ணீரும் கட்டாயம். சாயாக்கடையில் கேட்டதோடு நிற்காமல் பாட்டக்காரர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களிடம் எரிந்து விழாதீர்கள். அவர்கள் ஊர், அவர்கள் தண்ணீர், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பாதிப் பதில் சொன்னால் மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள். நான் அதற்குப் பிறகு நாலு தடவை போய்விட்டேன். இப்போது யாரும் ஏன் விடுகிறாய் என்று கேட்பதில்லை. “கடுதாசி வந்துச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். எதற்குப் பயந்து அவ்வளவு தூரம் போனேனோ அதே கேள்வி. ஆனால் அங்கே கேட்கும்போது கேட்கட்டும் என்று இருக்கிறது.

சிவதாணுவோடு பேசி முடித்தது இது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே தூண்டில், பிடித்ததை அங்கேயே விட வேண்டும். மாசி ஏலத்தில் நான் தலைகாட்டக்கூடாது. செல்வராஜ் வருகிற அன்றைக்குக் குளத்திலேயே பெரிய வரால் அவர் பிடித்துத் தருவார், நான் அதை அன்றைய சந்தை விலைக்கு எடுக்க வேண்டும். இனாமாகக் கேட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பாட்டம் வேறு ஆளுக்குப் போனால் என்ன செய்வீர் என்றேன். யாருக்குப் போனாலும் அந்த ஒரு மீன் தன் பொறுப்பு என்றார். எவ்வளவு காலத்துக்கு இந்தப் பேச்சு நிற்கும் என்று கேட்டேன். கெடு வைக்க வேண்டாம் என்றார். நானும் வைக்கவில்லை.