தோப்புக் கிணற்றுத் தண்ணீர்

அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பெங்களூரிலிருந்து வந்த டாக்டரம்மா, கிருஷ்ணகிரி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த என் தங்கை, அம்மா, எதிர்வீட்டு அத்தை, நான். அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை.

நான் எட்டாவதோடு நின்று ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவன். என் சம்பளத்தில் வீடு ஓடும், கல்லூரி ஓடாது. அப்போதுதான் அந்த உதவித்தொகை வந்தது. குடிதண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதைப் பற்றி டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்தினார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளை அதில் சேர்க்க வேண்டும், மாதம் முந்நூறு ரூபாய் தர வேண்டும் என்று பணம் கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்களாம். தமிழும் கன்னடமும் பேசுவாள் என்று தங்கையை எடுத்தார்கள். அந்த முந்நூறு இருந்தால் படிப்பை முடிப்பாள். இல்லையென்றால் என்னோடு கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சும்மா யார் பணம் தருவார்கள்? ரத்தம் எடுப்பார்களோ, பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்களோ?

"நீ பயந்தே சீக்கு வரவெச்சுக்குவண்ணா. அப்புறம் உன்னையேதான் ஆராய்ச்சி பண்ணணும்" என்று தங்கை வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சிரிப்போம். பல்லெல்லாம் பழுப்புக் கறை.

வீடு வீடாகப் பாட்டில் கொடுத்து, குடிக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லி, மறுநாள் போய் வாங்கி வருவது அவள் வேலை. பாட்டில்கள் பெங்களூர் போயின. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லை முன்பே பார்த்திருந்த டாக்டரம்மா, அதை நம்ப முடியாமல்தான் நேரில் வந்திருந்தார்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். டாக்டரம்மா குடித்துவிட்டு, நல்ல ருசி என்று கன்னடத்தில் சொன்னார். தங்கை அதைத் தமிழில் சொன்னதும் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

"பின்ன? பெரிய மனுஷி வந்திருக்காங்க, அந்த போர் தண்ணியவா குடுப்போம்? வாயில வெக்க முடியுமா அத? அவ்ளோ தூரம் நடந்து மாந்தோப்புக் கெணத்துல இருந்து கொண்டாந்தது. பொண்ணு பாக்க வந்தாக்கூட அங்கதான் எடுப்போம். அன்னிக்கு நீ குடுத்த பாட்டிலுக்கும் அதத்தான் கண்ணு ஊத்துனோம். ஊரே அங்க நின்னுச்சு. நம்ம ஊரு மானம் பெங்களூரு போவுதில்ல?"

தங்கை அம்மாவைப் பார்த்தாள். "நம்ம வீட்டு பாட்டிலுமாம்மா?"

"நீ படிக்கிற எடத்துக்குப் போறது. உப்புத் தண்ணியவாடி ஊத்துவேன்?"

என்ன சொல்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கம்பெனியில் கூட வேலை செய்பவர்களில் பலர் கன்னடக்காரர்கள், எனக்கும் அந்தப் பேச்சு புரியும். சொல்லாதே என்று தங்கையைக் கண்ணாலேயே கெஞ்சினேன். தோப்பு மாம்பழத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தால் போதும். அவள் தரையைப் பார்த்தபடி ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள், எங்கள் வீட்டுப் பாட்டிலையும் சேர்த்து.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சொம்பைக் கீழே வைத்தார். பரிசோதனைக்கு வந்த பணம் தீர்ந்துவிட்டது, மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

"என்னாச்சு கண்ணு, தண்ணி புடிக்கலயாமா?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கேட்டும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்ணீர் சரியாகச் சேகரிக்கப்படாததால் மாணவர்களின் தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகக் கல்லூரியில் சொன்னார்கள். மூன்றாம் வருஷத்துக்குப் பணம் கட்ட முடியவில்லை. ஆனி மாதம் தங்கை என்னோடு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, போர் குழாயடியில் குடத்தோடு நிற்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஊரில் இன்னும் அதே தண்ணீர்தான். பிறகு பிறந்த பிள்ளைகளும் வாயை மூடித்தான் சிரிக்கிறார்கள்.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்து, தபால்காரரைக் கண்டாலே வீட்டுக்குள் போய்விடுவேன். அப்படி யாரும் கேட்கவில்லை. அவள் வெயிலில் அலைந்த கடைசி மூன்று மாதத்துக்கு, மாதம் முந்நூறு வீதம், தொள்ளாயிரம் ரூபாய் இன்னும் வரவேண்டியிருக்கிறது.